ஈஸ்ட்ரோஜனும் முதுமைக் கண்நோய்களும்: ஓர் ஆய்வு வரலாறு

கண்புரை, கண் அழுத்த நோய், மாக்குலா சிதைவு ஆகிய மூன்றும் முதுமையில் பார்வையைப் பறிக்கும் முக்கியமான நோய்கள். உலகில் பார்வை இழந்தோரில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். 2020ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீட்டின்படி பார்வை இழந்த 4.33 கோடிப் பேரில் 2.39 கோடிப் பேர், அதாவது 55 விழுக்காட்டினர், பெண்கள். இந்த வேறுபாட்டுக்குப் பெண்ணுடலின் ஹார்மோன் காரணமாக இருக்குமா என்ற கேள்வி 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண் மருத்துவ ஆய்வாளர்களிடையே வலுவாக எழுந்தது. மாதவிடாய் நின்றபின் உடலில் குறையும் ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாகக் கொடுத்தால் கண்ணையும் காக்கலாம் என்ற நம்பிக்கை சில ஆண்டுகள் நிலவியது. அந்த நம்பிக்கை எவ்வாறு தோன்றியது, எவ்வாறு சோதிக்கப்பட்டது, இறுதியில் எங்கு வந்து நின்றது என்பதே இவ்வாய்வின் வரலாறு.

மூன்று நோய்கள்

கண்ணின் கருமணிக்குப் பின்னால் ஒளியைக் குவிக்கும் வில்லை உள்ளது. அதிலுள்ள கிரிஸ்டலின் புரதங்கள் பிறப்பு முதல் இறப்பு வரை பெரும்பாலும் மாற்றப்படுவதே இல்லை. வயது ஏற ஏற அவை சேதமடைந்து திரள்வதால் வில்லை கலங்குகிறது. இதுவே கண்புரை. வில்லையின் நடுவில் தோன்றுவது உட்கருப் புரை, ஓரத்தில் தோன்றுவது புறணிப் புரை, பின்பக்க உறையை ஒட்டித் தோன்றுவது பின்னுறைப் புரை எனக் கண்புரை மூன்று வகைப்படும்.

கண் அழுத்த நோய் கிளாக்கோமா என்றும் அழைக்கப்படுகிறது. இதில் பார்வை நரம்பின் இழைகள் படிப்படியாக அழிகின்றன. கண்ணுக்குள் இருக்கும் நீர்ம அழுத்தம் கூடுவது இதன் முதன்மையான இடர்க்காரணி. இழந்த பார்வையை மீட்க முடியாது. அழுத்தத்தைக் குறைத்து எஞ்சிய பார்வையைக் காக்க மட்டுமே முடியும்.

விழித்திரையின் நடுவில் கூர்மையான பார்வைக்கு உரிய சிறு பகுதி மாக்குலா. முதுமையில் அதன் அடியில் டுரூசன் எனப்படும் மஞ்சள் நிறப் படிவுகள் சேர்வது மாக்குலா சிதைவின் தொடக்க நிலை. முற்றிய நிலை இரு வகையாக வரும். உலர் வகையில் திசுக்கள் மெல்லத் தேய்கின்றன. ஈர வகையில் தேவையற்ற புதிய இரத்தக் குழாய்கள் முளைத்துக் கசிகின்றன. இதில் சில வாரங்களிலேயே நடுப்பார்வை போய்விடக்கூடும்.

மூன்று நோய்களுக்கும் பொதுவான ஒன்று வயது. பெண்களுக்கு ஏறத்தாழ 50 வயதையொட்டி மாதவிடாய் நிற்கிறது. சினைப்பைகள் ஈஸ்ட்ரோஜன் சுரப்பதும் அதனுடன் பெருமளவு குறைகிறது. இந்நோய்கள் பெருகத் தொடங்குவதும் அதன் பின்னரே. காலத்தால் அடுத்தடுத்து வரும் இவ்விரண்டுக்கும் காரணகாரியத் தொடர்பு உண்டா என்பதே ஆய்வாளர்கள் எழுப்பிய கேள்வி.

ஹார்மோன் மாத்திரையான கதை

சினைப்பை சுரக்கும் பொருளைத் தேடும் முயற்சியில் அமெரிக்காவின் எட்கர் ஆலனும் எட்வர்ட் டாய்சியும் 1923இல் முதல் பெரிய வெற்றியைப் பெற்றனர். சினைப்பைச் சாற்றின் வீரியத்தை எலிகளில் அளந்தறியும் முறையை அவர்கள் உருவாக்கினர். 1929இல் டாய்சியும் ஜெர்மனியின் அடால்ஃப் புட்டெனன்ட்டும் தனித்தனியே ஈஸ்ட்ரோன் என்ற ஈஸ்ட்ரோஜனைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தனர். பாலின ஹார்மோன்கள் பற்றிய பணிக்காகப் புட்டெனன்ட்டுக்கு 1939ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது.

கருவுற்ற பெண்குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுக்கப்பட்ட ஈஸ்ட்ரோஜன் கலவை 1942இல் பிரீமரின் என்ற பெயரில் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் வரும் உடல் வெப்பக் கொதிப்பு, இரவு வியர்வை, தூக்கமின்மை ஆகியவற்றுக்கு இது மருந்தாகக் கொடுக்கப்பட்டது. ராபர்ட் வில்சன் என்ற அமெரிக்க மகப்பேறு மருத்துவர் 1966இல் வெளியிட்ட ‘ஃபெமினைன் ஃபாரெவர்’ என்ற நூல் மாதவிடாய் நிறைவை ஹார்மோன் பற்றாக்குறை நோயாகவே சித்திரித்தது. இயல்பான வாழ்க்கைக் கட்டம் ஒன்று வாழ்நாள் முழுதும் மருந்து தேவைப்படும் குறைபாடாகப் பேசப்பட்டது.

1975இல் வெளியான இரண்டு ஆய்வுகள், ஈஸ்ட்ரோஜன் மாத்திரையைத் தனியாக உட்கொண்ட பெண்களுக்குக் கருப்பை உட்படலப் புற்றுநோய் அதிகம் வருவதைக் காட்டின. விற்பனை சரிந்தது. ஈஸ்ட்ரோஜனுடன் புரோஜெஸ்டின் என்ற மற்றொரு ஹார்மோனையும் சேர்த்துக் கொடுத்தால் அந்த ஆபத்து தணியும் எனத் தெரிந்தபின் சிகிச்சை மீண்டும் பரவியது. கருப்பை உள்ளவர்களுக்கு இரண்டும் சேர்ந்த மாத்திரை, கருப்பை அகற்றப்பட்டவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் என்ற வழக்கம் உருவானது. 1990களில் பிரீமரின் அமெரிக்காவில் மிக அதிகமாகப் பரிந்துரைக்கப்பட்ட மருந்துகளுள் ஒன்றாக இருந்தது. எலும்பைக் காக்கும், இதயத்தைக் காக்கும் என்று பேசப்பட்ட மருந்தின் பட்டியலில் கண்ணும் சேர்ந்தது இந்தக் காலத்தில்தான்.

ஊர் முழுவதும் கண் பார்த்த ஆய்வுகள்

மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளை மட்டும் கணக்கிட்டால் யாருக்கு நோய் அதிகம் என்பதை அறிய முடியாது. மருத்துவமனைக்கு வர முடியாதவர்கள் கணக்கில் விடுபட்டுப் போவார்கள். எனவே ஓர் ஊரின் முதியவர்கள் அனைவரையும் அழைத்துக் கண் பரிசோதிக்கும் ஆய்வுகள் தொடங்கின. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் 1948 முதல் நடந்துவந்த இதயநோய் ஆய்வின் பங்கேற்பாளர்களிடம் 1973 முதல் 1975 வரை கண் ஆய்வு நடத்தப்பட்டது. முதுமைக் கண்நோய்கள் ஒரு சமூகத்தில் எவ்வளவு பரவலாக உள்ளன என்பதை முறையாகக் காட்டிய முன்னோடி ஆய்வு அது.

விஸ்கான்சின் மாநிலத்தின் பீவர் டாம் என்ற சிற்றூரில் 1988 முதல் 1990 வரை ரொனால்ட் கிளைன், பார்பரா கிளைன் ஆகியோர் தலைமையில் 43 வயதுக்கு மேற்பட்ட 4,926 பேரின் கண்கள் பரிசோதிக்கப்பட்டன. விழித்திரையும் வில்லையும் படம் பிடிக்கப்பட்டு ஒரே அளவுகோலில் தரப்படுத்தப்பட்டன. வயதை ஈடுசெய்து ஒப்பிட்ட பிறகும் ஆண்களைவிடப் பெண்களுக்குக் கண்புரை கூடுதலாக இருந்தது. 75 வயதைக் கடந்தவர்களில் ஈர வகை மாக்குலா சிதைவு ஆண்களைவிடப் பெண்களிடம் இருமடங்குக்கும் மேல் காணப்பட்டது.

பெண்கள் நீண்ட காலம் வாழ்வதால் முதுமை நோய்கள் அவர்களிடம் அதிகம் தென்படுவது இயல்பு. ஆனால் ஒரே வயதுடையோரை ஒப்பிட்டாலும் வேறுபாடு நீடித்தபோது வேறு காரணம் தேடவேண்டியிருந்தது.

நம்பிக்கையின் பத்தாண்டு

1992இல் அமெரிக்காவின் பல மையங்கள் இணைந்து நடத்திய ஓர் ஒப்பீட்டு ஆய்வு வெளிவந்தது. ஈர வகை மாக்குலா சிதைவு கொண்ட 421 பேரும் அந்நோய் இல்லாத 615 பேரும் அதில் ஒப்பிடப்பட்டனர். புகைப்பிடித்தல் நோயின் வாய்ப்பைக் கூட்டுவதாகக் காட்டிய அதே ஆய்வு, மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் உட்கொண்ட பெண்களிடம் நோய் குறைவாக இருப்பதாகவும் காட்டியது.

1994இல் பார்பரா கிளைனும் அவருடைய குழுவினரும் பீவர் டாம் தரவுகளிலிருந்து இதே திசையில் ஒரு முடிவை வெளியிட்டனர். ஈஸ்ட்ரோஜன் எடுத்துக்கொண்டிருந்த பெண்களிடம் உட்கருப் புரையின் தீவிரம் குறைவாக இருந்தது. 1995இல் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகர முதியோர் ஆய்வு மறுபக்கத்திலிருந்து ஒரு சான்றைத் தந்தது. அறுவைச் சிகிச்சையால் சினைப்பை அகற்றப்பட்டு இளம் வயதிலேயே மாதவிடாய் நின்ற பெண்களுக்கு மாக்குலா சிதைவின் வாய்ப்பு ஏறத்தாழ 4 மடங்காக இருந்தது. 2001இல் அதே ஆய்வுக் குழுவினர், 45 வயதுக்கு முன் மாதவிடாய் நின்றவர்களிடம் கண் அழுத்த நோய் இருமடங்குக்கும் மேல் காணப்படுவதாக அறிவித்தனர்.

எல்லா ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. ஆஸ்திரேலியாவில் சிட்னி நகருக்கு மேற்கேயுள்ள புளூ மவுன்டன்ஸ் பகுதியில் 1992 முதல் 1994 வரை 49 வயதுக்கு மேற்பட்ட 3,654 பேரைப் பரிசோதித்த பால் மிட்செல் குழுவினருக்குக் கலவையான முடிவுகளே கிடைத்தன. கண்புரையின் ஒரு வகையில் பயன் தெரிந்தது, மற்றதில் தெரியவில்லை. மாக்குலா சிதைவில் மாத்திரையின் பயன் தெளிவாகப் புலப்படவில்லை. ஆயினும் ஒட்டுமொத்தப் போக்கு ஈஸ்ட்ரோஜனுக்குச் சாதகமாகவே இருந்தது.

ஆய்வகச் சோதனைகள் இந்தப் போக்குக்கு வலுச் சேர்த்தன. 1997இல் சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளின் கண் வில்லைகளைப் புரை உண்டாக்கும் ஒரு வளர்ச்சிக் காரணியில் வைத்துச் சோதித்தனர். சினைப்பை அகற்றப்பட்ட எலிகளின் வில்லைகள் எளிதில் கலங்கின. ஈஸ்ட்ரோஜன் கொடுக்கப்பட்டவை பாதிப்பைத் தாங்கின. ஈஸ்ட்ரோஜனை ஏற்கும் புரதங்கள் மனிதக் கண்ணின் விழித்திரையிலும் வில்லையிலும் இருப்பதும் அந்தப் பத்தாண்டின் இறுதியில் தெரியவந்தது. கண்ணும் இந்த ஹார்மோனுக்குச் செவிசாய்க்கும் உறுப்பே என்பது உறுதியானது. செவிசாய்க்கிறது என்பதால் மாத்திரை கண்ணைக் காக்கும் என்று ஆகிவிடாது. அதைத் தனியே நிறுவவேண்டியிருந்தது.

மறைந்திருந்த பிழை

மேலே சொன்ன மனித ஆய்வுகள் அனைத்தும் கவனிப்பு ஆய்வுகள். அதாவது, யார் மாத்திரை சாப்பிடுவது என்பதை ஆய்வாளர் தீர்மானிக்கவில்லை. பெண்களும் அவர்களின் மருத்துவர்களுமே தீர்மானித்தனர். அமெரிக்காவில் ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொண்ட பெண்கள் சராசரியாகக் கூடுதல் கல்வியும் வருமானமும் உடையவர்கள். மருத்துவரிடம் தவறாமல் செல்பவர்கள்; உடற்பயிற்சியிலும் உணவிலும் கவனம் உள்ளவர்கள். இத்தகையோரிடம் நோய் குறைவாக இருப்பதற்கு மாத்திரை காரணமா, வாழ்க்கை நிலை காரணமா என்று பிரித்தறிவது கடினம்.

இந்தப் பிழையைத் தவிர்க்கும் வழி, பங்கேற்பாளர்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிப்பது. ஒரு குழுவுக்கு உண்மையான மருந்தும் மற்றதற்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் தரப்படும். யாருக்கு எது கிடைத்தது என்பது மருத்துவருக்கும் தெரியாது, பங்கேற்பாளருக்கும் தெரியாது. குழுக்கள் போதிய அளவு பெரியவையாக இருந்தால் கல்வி, வருமானம், பழக்கவழக்கம் ஆகியவை இரு பக்கமும் சமமாகவே பரவியிருக்கும். பின்னர் தோன்றும் வேறுபாடு மருந்தால் வந்தது என்று கொள்ளலாம்.

அமெரிக்க அரசின் தேசிய நல நிறுவனங்கள் 1991இல் ‘விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ என்ற பெரும் ஆய்வைத் தொடங்கின. அதில் கருப்பை உள்ள 16,608 பெண்கள் கூட்டு மாத்திரைச் சோதனையிலும், கருப்பை அகற்றப்பட்ட 10,739 பெண்கள் ஈஸ்ட்ரோஜன் மட்டும் தரும் சோதனையிலும் சேர்க்கப்பட்டனர். இதயத்தைக் காக்கிறதா என்பதே முதன்மையான கேள்வி.

2002 ஜூலையில் கூட்டு மாத்திரைச் சோதனை திட்டமிட்ட காலத்துக்கு முன்பே நிறுத்தப்பட்டது. மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், இரத்தக் கட்டி ஆகியவை மாத்திரை எடுத்தோரிடம் அதிகமாயிருந்தன. தனிநபருக்கான கூடுதல் ஆபத்து சிறியது. 10,000 பெண்கள் ஓராண்டு மாத்திரை எடுத்தால் மார்பகப் புற்றுநோய் ஏறத்தாழ 8 பேருக்குக் கூடுதலாக வரும் என்ற அளவிலானது. ஆனால் நோயைத் தடுப்பதற்காக நலமாயிருப்பவர்களுக்குக் கொடுக்கும் மருந்தில் அந்த ஆபத்தும் ஏற்கத்தக்கதல்ல எனக் கருதப்பட்டது. ஈஸ்ட்ரோஜன் மட்டும் தரும் சோதனை, பக்கவாதம் கூடியதால் 2004இல் நிறுத்தப்பட்டது. இதயத்தைக் காக்கும் என்று பல ஆண்டுகளாகக் கவனிப்பு ஆய்வுகள் சொன்ன மருந்து, குலுக்கல் முறைச் சோதனையில் அவ்வாறு காக்கவில்லை.

கண்ணுக்குக் கிடைத்த விடை

இந்தப் பெரும் சோதனையின் ஒரு கிளையாகக் கண் ஆய்வும் நடத்தப்பட்டது. 65 வயதும் அதற்கு மேலும் ஆன 4,262 பெண்களின் விழித்திரைகள், அவர்கள் சோதனையில் சேர்ந்து சராசரியாக 5 ஆண்டுகள் கழித்துப் படம் பிடிக்கப்பட்டன. மேரி ஹான் தலைமையிலான குழு 2006இல் முடிவை வெளியிட்டது. தொடக்கநிலை மாக்குலா சிதைவையோ முற்றிய நிலையையோ ஹார்மோன் மாத்திரைகள் ஒட்டுமொத்தமாகத் தடுக்கவில்லை. கூட்டு மாத்திரை எடுத்தோரிடம் மென்மையான டுரூசன் படிவுகளும் ஈர வகைச் சிதைவும் குறைவாகத் தெரிந்தன. ஆனால் ஈர வகை வந்தோர் எண்ணிக்கை மிகச் சிறியதாக இருந்ததால் அதை உறுதியான முடிவாகக் கொள்ள முடியவில்லை.

2008இல் அமெரிக்கச் செவிலியர் நல ஆய்வு வெளியிட்ட முடிவு குழப்பத்தைக் கூட்டியது. ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு ஈர வகை மாக்குலா சிதைவின் வாய்ப்பு, ஒருபோதும் எடுக்காதவர்களைவிட 48 விழுக்காடு குறைவு. அதே பெண்களுக்குத் தொடக்கநிலைச் சிதைவின் வாய்ப்பு 34 விழுக்காடு அதிகம். ஒரே நோயின் ஒரு கட்டத்தில் நன்மையும் மற்றொரு கட்டத்தில் தீமையும் தெரிந்தன.

கண்புரையிலும் நிலைமை மாறியது. சுவீடனில் 30,861 பெண்களை 1997 முதல் 2005 வரை பின்தொடர்ந்த ஆய்வு 2010இல் வெளியானது. ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்குப் புரை அறுவைச் சிகிச்சை 18 விழுக்காடு அதிகமாக நடந்திருந்தது. 1990களின் ஆய்வுகளுக்கு இது நேர்மாறானது. இந்த எண்ணிக்கையையும் கவனமாகவே படிக்கவேண்டும். இங்கே அளக்கப்பட்டது நடந்த அறுவைச் சிகிச்சைகளின் எண்ணிக்கை. மருத்துவரிடம் அடிக்கடி செல்பவருக்குப் புரை விரைவில் கண்டறியப்படும், விரைவில் அகற்றவும் படும். முன்பு மாத்திரைக்குச் சாதகமாகத் தோன்றச் செய்த அதே பழக்கம் இங்கே அதற்குப் பாதகமாகத் தோன்றச் செய்திருக்கவும் கூடும்.

கண் அழுத்தத்தில் மட்டும் சிறிய, ஆனால் ஓரளவு நம்பத்தக்க விளைவு தெரிந்தது. விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் தரவுகளின் பிற்கால அலசலில், ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தோரின் கண் அழுத்தம் ஏறத்தாழ 0.5 மில்லிமீட்டர் பாதரச அளவு குறைந்திருந்தது. இயல்பான கண் அழுத்தம் 10 முதல் 21 வரை என்பதை நினைத்தால் இது மிகச் சிறிய மாற்றம். கூட்டு மாத்திரையில் அந்த மாற்றமும் இல்லை.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு சான்று

ஈஸ்ட்ரோஜனைக் கொடுப்பதற்குப் பதில் அதன் செயலைத் தடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சோதனை கிடைத்தது. மார்பகப் புற்றுநோய்க்கு வழங்கப்படும் தமாக்சிஃபென், மார்பகத் திசுவில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் மருந்து. நோய் வரும் வாய்ப்பு அதிகமுள்ள 13,388 பெண்களிடம் இம்மருந்தைச் சோதித்த அமெரிக்க ஆய்வின் முடிவு 1998இல் வெளிவந்தது. தமாக்சிஃபென் மார்பகப் புற்றுநோயை ஏறத்தாழ பாதியாகக் குறைத்தது. கண்புரையைச் சிறிதளவு கூட்டியது.

குலுக்கல் முறையில் நடந்த சோதனை என்பதால் இது வலுவான சான்று. ஆயினும் அதன் பொருள் தெளிவானதல்ல. தமாக்சிஃபென் கண் வில்லையின் உயிரணுக்களில் குளோரைடு அயனிகள் செல்லும் வழிகளையும் அடைக்கிறது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. எனவே புரை கூடியதற்கு ஈஸ்ட்ரோஜன் தடுக்கப்பட்டது காரணமா, மருந்தின் வேறு செயல் காரணமா என்பதை இந்தச் சோதனையைக் கொண்டு மட்டும் தீர்மானிக்க இயலாது.

அளக்கப்படாத அளவு

இந்த வரலாற்றில் எளிதில் கவனிக்கப்படாத ஒன்று உண்டு. ஹார்மோன் அளவுக்கும் கண்நோய்க்கும் உள்ள தொடர்பைத் தேடிய ஆய்வுகளில் பெரும்பாலானவை ஹார்மோனின் அளவை அளக்கவே இல்லை. பூப்படைந்த வயது, மாதவிடாய் நின்ற வயது, பிள்ளைப்பேறுகளின் எண்ணிக்கை, மாத்திரை எடுத்த ஆண்டுகள் ஆகியவற்றைக் கேட்டறிந்து, அவற்றைக் கொண்டு ஒரு பெண் தன் வாழ்நாளில் எவ்வளவு ஈஸ்ட்ரோஜனைப் பெற்றிருப்பார் என்று ஊகித்தன.

இதற்குக் காரணம் உண்டு. மாதவிடாய்க் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் அளவு நாளுக்கு நாள் மாறுகிறது. மாதவிடாய் நின்றபின் அது மிகத் தாழ்ந்த நிலைக்கு வருகிறது. பழைய பரிசோதனை முறைகள் அந்தத் தாழ்ந்த அளவைத் துல்லியமாகக் காட்டுவதில்லை. அந்த வயதில் சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி தரும் மூலப்பொருளிலிருந்து உடலின் கொழுப்புத் திசு ஈஸ்ட்ரோஜனைத் தயாரிக்கிறது. ஆகவே உடல் எடைக்கு ஏற்பவும் அளவு மாறுகிறது. 70 வயதில் எடுக்கும் ஒரு துளி இரத்தம், கண் வில்லை 30 ஆண்டுகளாக எந்தச் சூழலில் இருந்தது என்பதைச் சொல்லாது. முதுமைக் கண்நோய்கள் பல பத்தாண்டுகளில் உருவாகின்றன. அளவுகோலோ அன்றைய நிலையை மட்டும் காட்டுகிறது.

இளம் வயதில் மாதவிடாய் நிற்பதும் ஹார்மோனை மட்டும் குறிப்பதன்று. புகைப்பிடிக்கும் பெண்களுக்கு மாதவிடாய் சற்று முன்னதாகவே நிற்கிறது. புகைப்பிடித்தல் மாக்குலா சிதைவையும் கண்புரையையும் நேரடியாகவே கூட்டுகிறது. ஊட்டச்சத்துக் குறைவும் வறுமையும் இவ்வாறே இரு பக்கமும் செயல்படக் கூடியவை.

தென்தமிழ்நாட்டின் கிராமங்களில்

மேலைநாட்டு ஆய்வுகளில் ஹார்மோன் மாத்திரை உண்டாக்கிய குழப்பம் இல்லாத ஓர் இடத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டால் என்ன என்ற எண்ணத்துக்குத் தமிழ்நாட்டில் ஒரு வாய்ப்பு அமைந்தது. மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1990களின் நடுவில் தென்தமிழ்நாட்டின் மூன்று மாவட்டங்களில் விரிவான கண் கணக்கெடுப்பை நடத்தியது. கிராமப்புறத் தொகுதிகள் ஐம்பதில் 40 வயதும் அதற்கு மேலும் ஆன 5,150 பேர் பரிசோதிக்கப்பட்டனர்.

பெண்களின் இனப்பெருக்க வரலாற்றுக்கும் கண்நோய்களுக்கும் உள்ள தொடர்பை அலசிய கட்டுரை ஒன்று இந்தக் கணக்கெடுப்பின் தரவுகளிலிருந்து 2004இல் வெளிவந்தது. ஹார்மோன் மாத்திரை அரிதாகவே எட்டிய கிராமப்புறப் பெண்களிடம் இயற்கையான ஹார்மோன் மாற்றத்தின் தடத்தைத் தேடலாம் என்பது இத்தகைய ஆய்வின் சிறப்பு. இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் சராசரி வயது மேலைநாட்டுப் பெண்களைவிடச் சில ஆண்டுகள் குறைவு என்பதும் கேள்வியை இங்கே முக்கியமாக்கியது.

எட்டாத அறுவைச் சிகிச்சை

ஈஸ்ட்ரோஜன் பற்றிய விவாதம் நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், பெண்களின் பார்வையிழப்பை வேறு கோணத்தில் அணுகிய ஆய்வுகளும் வெளிவந்தன. பல நாடுகளின் கணக்கெடுப்புகளைத் தொகுத்து 2001இல் வெளியான அலசல், பார்வை இழந்தோரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் பெண்கள் எனக் காட்டியது. சூசன் லெவாலன், பால் கோர்ட்ரைட் ஆகிய இருவரும் 2002இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் எழுதிய கட்டுரை, வளரும் நாடுகளில் புரை அறுவைச் சிகிச்சை ஆண்களைவிடப் பெண்களுக்குக் குறைவாகவே கிடைக்கிறது என்று நிறுவியது. ஆண்களுக்குக் கிடைக்கும் அளவில் பெண்களுக்கும் கிடைத்தால், புரையால் வரும் பார்வையிழப்பு எட்டில் ஒரு பங்கு அளவு குறையும் என அவர்கள் கணித்தனர்.

காரணங்கள் எளிதில் விளங்குபவை. பயணச் செலவு, துணைக்கு வர ஆளின்மை, வீட்டுப் பொறுப்பு, எழுத்தறிவின்மை, வயதான பெண்ணின் பார்வைக்குச் செலவிடக் குடும்பம் காட்டும் தயக்கம் ஆகியவை ஒன்றுசேர்ந்து அவரை வீட்டிலேயே நிறுத்திவிடுகின்றன. கிராமத்துக்கே சென்று முகாம் நடத்துவது, நோயாளிகளைப் பேருந்தில் அழைத்துச் சென்று உணவும் இலவச அறுவைச் சிகிச்சையும் தந்து திரும்பக் கொண்டுவிடுவது என்ற அரவிந்த் முறை இந்தத் தடைகள் பலவற்றை நேரடியாக அகற்ற முயல்வது. 1992இல் மதுரையில் தொடங்கிய ஆரோலேப் நிறுவனம் கண்ணுக்குள் பொருத்தும் செயற்கை வில்லையைக் குறைந்த விலையில் தயாரித்ததால், புரை நீக்கப்பட்ட ஏழைகளுக்கும் தெளிந்த பார்வை சாத்தியமானது.

இன்றைய நிலை

மாதவிடாய் நிறைவுக்கால உடல் வெப்பக் கொதிப்பு போன்ற தொல்லைகளுக்கு, தகுதியுள்ளவர்களுக்கு மருத்துவர் மேற்பார்வையில் ஹார்மோன் சிகிச்சை இன்றும் வழங்கப்படுகிறது. கண்நோயைத் தடுப்பதற்காக அது பரிந்துரைக்கப்படுவதில்லை. நாள்பட்ட நோய்களைத் தடுக்கும் நோக்கில் ஹார்மோன் மாத்திரை எடுக்க வேண்டாம் என அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2017இலும் 2022இலும் அறிவுறுத்தியுள்ளது.

கண்நோய்களுக்கான தீர்வுகள் வேறு திசைகளிலிருந்து வந்தன. விழித்திரையில் புதிய இரத்தக் குழாய்கள் முளைப்பதைத் தூண்டும் புரதத்தைத் தடுக்கும் ரானிபிசுமாப் ஊசிக்கு 2006இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. ஹார்மோன் மாத்திரை மாக்குலா சிதைவைத் தடுக்கவில்லை என்ற முடிவு வெளியான அதே ஆண்டு அது. கண்புரைக்கு அறுவைச் சிகிச்சை, கண் அழுத்த நோய்க்குச் சொட்டு மருந்தும் லேசரும் அறுவைச் சிகிச்சையும், எல்லாவற்றுக்கும் முன்பாகப் புகைப்பிடிக்காமை, 40 வயதுக்குப்பின் முறையான கண் பரிசோதனை ஆகியவையே பயன் உறுதியான வழிகள்.

ஈஸ்ட்ரோஜனுக்கும் கண்ணுக்கும் தொடர்பே இல்லை என்று இந்த வரலாறு முடியவில்லை. விழித்திரையும் வில்லையும் அந்த ஹார்மோனை உணர்கின்றன; சினைப்பையை இளம் வயதில் இழப்பது கண்ணுக்கும் தீங்காகலாம் என்ற ஐயம் நீடிக்கிறது; ஆய்வுகளும் தொடர்கின்றன. ஆனால் ஒரு பெண்ணின் 60 வயதுப் பார்வையைத் தீர்மானிப்பதில் ஹார்மோனுக்கு இருக்கக்கூடிய பங்கு சிறியது, இன்னும் உறுதிப்படாதது. அறுவைச் சிகிச்சை அவரை எட்டுகிறதா என்பதன் பங்கு பெரியது, அளந்து அறியப்பட்டது. கண்புரையால் பார்வை மங்கி வீட்டுக்குள் முடங்கியிருக்கும் முதிய பெண்ணுக்கு இழந்ததைத் திருப்பித் தரும் வழி ஏற்கெனவே உள்ளது. அங்கு அவரை அழைத்துச் செல்வதே எஞ்சியிருக்கும் பணி.